தொப்பியின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒட்டோமான் பேரரசு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி அவர்களுடைய பரம்பரை அடையாளம். அதைத் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் தடை செய்தது அநியாயம் இல்லையா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக, மேற்கைப் பார்த்து மாறப்போய்த்தானே அந்தப் பேரரசே அழிந்தது?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

1925இல் தடை வந்தபோது அந்தப் பரம்பரை அடையாளத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத்தான் அரசு ஊழியர்களின் தலைப்பாகையைக் கழற்றவைத்து அதை மாட்டிவிட்டார். மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்கு மட்டும் விலக்கு. அதுவரை தலைப்பாகையைப் பார்த்தே ஆளின் மதத்தையும் பதவியையும் சொல்லிவிடலாம். இஸ்தான்புல்லின் பழைய கபர்ஸ்தான்களில் மீஸான் கல்லின், அதாவது கல்லறைக் கல்லின், உச்சியிலும் தலைப்பாகையைச் செதுக்கியிருப்பார்கள். பிந்தைய கற்களில் குஞ்சத்தோடு இந்தத் தொப்பி. விளிம்பு இல்லாததால் தொழுகையில் சுஜூது செய்யக் குனியும்போது நெற்றி தரையில் படும். அது ஒரு வசதி. ஆனாலும் மஹ்மூத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘காஃபிர் சுல்தான்’!

அப்புறம் அதுவே மார்க்க அடையாளம் ஆகிவிட்டது. 1905இல் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அப்துல் காதர் இந்தத் தொப்பியோடு வாதாடக் கூடாது என்று சொல்லப்போய், இலங்கை முஸ்லிம்கள் திரண்டு கூட்டம் போட்டார்கள். 1908இல் ஆஸ்திரியா, பெயரளவில் ஒட்டோமான் மாகாணமாக இருந்த பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும் இஸ்தான்புல்காரர்கள் இதையே கழற்றி எறிந்தார்கள். காரணம், தொப்பிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரியச் சரக்கு. 1925இல் அதே தொப்பிக்காகச் சிலர் தூக்குமேடையும் ஏறினார்கள். அந்தத் தண்டனைகள் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, அழிவுக்கு வருவோம். மாறாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? புதிய படை அமைக்கப்போன சுல்தான் மூன்றாம் செலீம் 1807இல் அரியணையையும் மறு வருடம் உயிரையும் இழந்தார். அதனால்தான் மஹ்மூத் 1826இல் புதிய படையை எதிர்த்த ஜானிசாரிகள் என்ற பழைய காலாட்படையின் பாசறையைப் பீரங்கியால் தகர்த்தார். 1839இல் அரசு வெளியிட்ட குல்ஹானே சீர்திருத்தப் பிரகடனம் உயிருக்கும் உடைமைக்கும் உறுதி தந்தது, வரி வசூலைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதை ஒழிப்பதாகவும் சொன்னது. சில ஆண்டுகளிலேயே குத்தகைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சீர்திருத்தம் பாதியில் நின்ற இடம் இது.

கழுத்தைப் பிடித்தது கடன். ரஷ்யாவுடன் நடந்த கிரிமியப் போருக்காக 1854இல் முதல் வெளிநாட்டுக் கடன். போர் முடிந்த 1856இல் பளிங்கும் பொன்னுமாக டோல்மாபாஹ்சே அரண்மனை எழுந்து நிற்கிறது. கடன்மேல் கடன் வாங்கி, 1875இல் வட்டியைக்கூட முழுதாகக் கட்ட முடியவில்லை. 1881 முதல் உப்பு, புகையிலை வருமானமெல்லாம் ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகத்துக்கே போய்விட்டது.