ஏற்காடு அடிவாரத்தில் பளபளப்பான சாம்பல் நிறக் கல் கிடைத்தது, மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாதுவான மாலிப்டினைட்டா? எப்படிப் பத்திரப்படுத்துவது?

முதலில் அந்தக் கல்லை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மாமனாரே கேட்டாலும் சரி.

உங்களுடையது பெரும்பாலும் காக்காப்பொன்னாக (மைக்கா) இருக்கும். ஏடு ஒன்றை உரித்து வளைத்துப் பாருங்கள். காக்காப்பொன் துள்ளி நிமிரும்; மாலிப்டினைட் வளைந்தபடியே கிடக்கும், காகிதத்தில் கோடும் இழுக்கும்.

நான் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இயந்திரங்களுக்குப் போடும் மோலி கிரீஸில் கலப்பது இந்த மாலிப்டினைட்டை, அதாவது மாலிப்டினம் சல்பைடைத்தான் என்று தெரிந்ததிலிருந்து இதன் மேல் பித்து. ஏற்காட்டுப் பக்கம் எனக்குத் துணுக்குகூட அகப்பட்டதில்லை. அடிவாரத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்), மேலே அலுமினியத் தாதுவான பாக்சைட், அவ்வளவுதான். என் கல் கிடைத்தது அரூர் தாண்டி, கிணறு வெட்டிக் கொட்டிய குவியலில். (தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். 'கனிமக் கொள்ளை' என்று கிளம்ப வேண்டாம், ஒரே ஒரு கல்.) வெங்கச்சங்கல்லுக்கு (குவார்ட்ஸ்) நடுவே எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு தகடு, ஈயத்தைச் சீவிப் பதித்த மாதிரி.

தெரிந்த வாத்தியார் ஒருவர் கையில்கூட வாங்காமல், "கிராஃபைட், பென்சில் கரி" என்றார். சுருக்கென்றது. 1778இல் ஷீலே என்ற வேதியியலாளர் பிரித்துக் காட்டும்வரை உலகமே இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தது, அதனால் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிப் பார்த்திருக்கலாம். கிராஃபைட்டைவிட இது இரண்டு மடங்கு கனம் என்றாலும், கல்லோடு ஒட்டியிருப்பதை எப்படி எடை போடுவது? வீட்டுக்காரியின் வெள்ளைப் பீங்கான் கப்பில் அழுத்தித் தேய்த்தேன். கோட்டில் பச்சை ஓடியது. கிராஃபைட் என்றால் கறுப்புதான்.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. வந்தவர்களிடமெல்லாம் "தொட்டுப் பாருங்க" என்று நீட்டினேன். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் இது ஒன்றரைக்கு மேல் இல்லை, நகம் இரண்டரை. தீபாவளிக்கு வந்த மச்சான், அடியில் என்ன இருக்கிறது என்று நகத்தால் ஏடு ஏடாக உரித்துவிட்டார். பொங்கலுக்குள் வெங்கச்சங்கல்லில் குழி மட்டும்தான் மிச்சம்.

 

சரி, உங்கள் கல்லுக்கு வருகிறேன். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பளபளப்பு மேலே இருக்க, அடிப்பக்கத்தை ஒட்டி வையுங்கள். துடைக்காதீர்கள், பிரஷ்ஷும் வேண்டாம்.

நான் இப்போது டப்பாவில் வைத்திருப்பது அந்தக் கப்பை. விளக்கப் போட விடுவதில்லை.