டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய எதோடு எது சேரும்? கேளுங்கள்

ராம்நாடு பக்கத்துக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்ஜெட்டும் சொல்லாமல், என்ன வேலைக்கு என்றும் சொல்லாமல் "நல்ல பிசி சொல்லுங்க" என்றவர்களுக்கு அப்புறம்.

கீழக்கரை: அண்ணே, எங்கள் காக்கா (மூத்த அண்ணன்) துபாயிலிருந்து வருகிறார். ரைசன் 5 7600 பிராசஸர் வாங்கி வரச் சொல்லலாமா? நண்பன் பழைய பி450 மதர்போர்டு சும்மா தருகிறான்.

அந்தப் போர்டில் 7600 உட்காரவே உட்காராது தம்பி. பி450-இல் பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4, 7600-க்கு ஏஎம்5 வேண்டும், அதற்குப் போனால் புதுப் போர்டோடு டிடிஆர்5 ராமும் வாங்கியாக வேண்டும். சும்மா வரும் போர்டை விட மனசில்லை என்றால் ரைசன் 5 5600 எடுங்கள், டிடிஆர்4 போதும். ஆனால் பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டுக் கழற்றுங்கள்; இல்லாவிட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, பிராசஸர்தான் போச்சு என்று காக்காவிடம் சண்டைக்குப் போவீர்கள். 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்கப் போவதில்லை என்றால் 5600ஜி. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். போர்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இரண்டையும் இங்கேயே வாங்குங்கள், கெட்டால் கடைக்கு அலைய வைப்பது பெரும்பாலும் அவைதான்.

மண்டபம்: ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வீடியோ எடிட்டிங். ஐ5 12400எஃப், எச்610 போர்டு, டிடிஆர்5 ராம் 32 ஜிபி. இப்போதைக்கு கிராபிக்ஸ் கார்டு இல்லை. கடைக்காரர் எல்லாம் சேரும் என்கிறார்.

சேரும் அக்கா, படம்தான் வராது! கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் கூடப் போட்டு வெறும் 12400 எடுங்கள், அதிலிருக்கும் குயிக் சிங்க் வீடியோ எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும், உங்கள் தொழிலுக்கு அது பெரிய விஷயம். இந்தப் பிராசஸர் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்4-க்குத் தனியாக, டிடிஆர்5-க்குத் தனியாக வருகின்றன, பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே காசு கொடுங்கள். எச்610-இல் ராம் ஸ்லாட் இரண்டுதான். நாளைக்கு ராமைக் கூட்ட வேண்டுமென்றால் நான்கு ஸ்லாட் உள்ள பி760 பாருங்கள்.

தொண்டி: மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் எந்த எஸ்எஸ்டியும் போடலாமா?

போடக்கூடாது. என்விஎம்இ, சாட்டா என்ற இரண்டு வகை எஸ்எஸ்டியும் அதே வடிவில் வரும், சில ஸ்லாட் ஒன்றை மட்டும்தான் எடுக்கும். மேனுவல் பாருங்கள்.

பாம்பன்: ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறேன். பழைய கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் போதுமா? கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது.

கார்டு இழுப்பது 115 வாட்ஸ்தான், ஆனாலும் மொத்த பிசிக்கும் சேர்த்து 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று கார்டு கம்பெனி என்விடியா சொல்கிறது. கேபினட்டோடு இலவசமாக வந்ததை நம்பி அவ்வளவு விலைக் கார்டை மாட்டாதீர்கள். கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்றும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஷாக் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது, எலக்ட்ரீஷியனை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள், கார்டெல்லாம் அதற்கப்புறம். கடல் பக்க ஜன்னலை ஒட்டி வைத்திருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். உப்புக் காற்றில் போர்ட்டெல்லாம் பச்சை பூத்துவிடும்.

ராமேஸ்வரம்: லாட்ஜ் பில்லிங்குக்கு மட்டும்.

ஐ3 12100, எச்610, 8 ஜிபி, சின்ன எஸ்எஸ்டி. மிச்சக் காசில் யுபிஎஸ்.