சிலந்திகளைப் படமெடுத்துப் பெயர் கண்டுபிடிக்க ஆசை. நல்ல கேமரா வேண்டுமா? பிடித்து வளர்த்தும் படமெடுக்கலாமா?

கேமரா வாங்கக் கிளம்பாதீர்கள். என்னிடம் இருப்பது சாதாரண ஃபோனும், அதன் மேல் கவ்வி நிற்கிற, பொடிசைப் பெரிசாகக் காட்டும் ஒரு மேக்ரோ லென்ஸும்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் என்ற இரண்டு ஊருக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டிய கருவேலங்காட்டில் ஆறு வருஷமாகச் சிலந்தி பார்க்கிறேன். எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இன்னும் இனப்பெயர் தெரியாமலேதான் கிடக்கின்றன. அந்த ஏமாற்றம் தாங்காதவர்கள் பறவை பார்க்கப் போவது நல்லது.

உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 2022லேயே 50,000ஐத் தாண்டிவிட்டன. இவற்றில் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிறப்புறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அந்த உறுப்பும் கடைசித் தோலுரிப்பில்தான் முழுசாக உருவாகும். அதனால் குஞ்சுச் சிலந்தியை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் குடும்பம் தெரியும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் பேரினம், அதாவது இனத்துக்கு ஒரு படி மேலே உள்ள பிரிவு, தெரியும். அதோடு சரி.

குடும்பத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். அவை எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான் விஷயம். முகத்தின் நடுவில் லாரி ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண் இருந்தால் குதிக்கும் சிலந்தி. கீழ் வரிசையில் நாலு பொடிக் கண், அதற்கு மேல் இரண்டு பெரிசு, பின்னால் தள்ளி இன்னும் இரண்டு என்றால் ஓநாய்ச் சிலந்தி. இதை இரவில் தேடுவது சுலபம். டார்ச்சைக் கையைத் தொங்கவிட்டுப் பிடிக்காமல் நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தரையைப் பாருங்கள். மணலில் பனித்துளி மாதிரி மின்னுவதெல்லாம் அதன் கண்கள். முதல் தடவை பார்த்தபோது உண்மையாகவே பனி என்று நினைத்துக் காலால் தள்ளிப் பார்த்தேன். ஓடியது.

படம் என்றால் ஒன்று போதாது. முகம், முதுகு, வயிற்றுப் பக்கம் மூன்றும் வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் மறுபக்கம் போய் வயிற்றை எடுத்துவிடலாம். வலை, செடி இவற்றையும் சேர்த்துத் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். உருவத்தைவிட வலை அதிகம் சொல்லிவிடும். வலை நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி மாதிரி தைத்து, அதன் மேலேயே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நிற்பது ஆர்ஜியோப் என்ற பேரினம்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வலைச் சிலந்தியை எடுக்கவே முடியாது. தொட்டில் மாதிரி ஆடும். விடிந்து காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். உப்புக்காற்றில் லென்ஸ் பிசுபிசுத்துப் போகும், ஒரு பழைய பருத்தித் துணி பையில் இருக்கட்டும்.

இந்த வறண்ட காட்டில் எனக்குப் பிடித்தது கூட்டுச் சிலந்தி, ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம். முள்மரக் கிளையில் அழுக்குப் பஞ்சை உருட்டி வைத்ததுபோல ஒரு கூடு, அதைச் சுற்றி வலை விரிப்பு. உள்ளே பத்துப் பேரும் இருக்கலாம், நூற்றுக்கணக்கிலும் இருக்கலாம். நூலில் பசை கிடையாது. பின்னங்காலால் சீவிச்சீவிப் பஞ்சு மாதிரி ஆக்கிய இழைதான் பூச்சியின் காலைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வெட்டுக்கிளி சிக்கினால் ஏழெட்டு வெளியே வந்து ஆளுக்கொரு காலை இழுக்கும். குஞ்சுகள் கடைசியில் தாயையே தின்றுவிடும். ஆடு மேய்க்கும் ஒரு தாத்தா இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் அதான்யா நடக்குது" என்றார்.

சரி, வளர்ப்பு. அதில் ஒரு நியாயமான பயன் இருக்கிறது: குஞ்சைப் பெரிசாக்கினால் பெயர் கண்டுபிடிக்கலாம். நானும் செய்தேன். ஒரு குதிக்கும் சிலந்தியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்துக் கொசுவும் ஈயும் போட்டேன். மூன்றாவது வாரம் சாப்பாட்டை நிறுத்தி, மூடிக்கடியில் நூல் பை கட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து தட்டினேன். அது பாதிச் சட்டையை உரித்துக்கொண்டிருந்தது. புதுத் தோல் ஈரமாக இருக்கும்போது அசைத்தால் தாங்காது, மறுநாள் செத்துப்போனது. சாப்பிடாமல் பை கட்டியிருந்தால் தொடாதீர்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் டப்பாவில் வைப்பதில்லை. வயிற்றுப் பக்கம் எடுத்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன். வீட்டில் அம்மா இன்னும், "எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்கு அடிச்சா கொப்புளம் வரும்" என்கிறார். அது பெரும்பாலும் அக்கி, இல்லையென்றால் தோலில் நசுங்கிய ஒரு சின்ன வண்டின் வேலை.

ஒன்றை மட்டும் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ராமேஸ்வரம் தீவில் ஒரு மர டாரன்டுலா, அதாவது மரத்தில் வாழும் பெரிய மயிரடர்ந்த சிலந்தி, இருக்கிறது, பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. 2004ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற சிலந்தி ஆய்வாளர் விவரித்துப் பெயர் வைத்தார். அங்கேயுள்ள ஹனுமவிலாசம் கோவில்தான் பெயருக்கு மூலம். புளி, பனை மரப் பொந்துகளில் இருக்கும், இருட்டியபின்தான் வெளியே வரும். பின்னாளில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னாரிலும் பார்த்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ள இனம். ஆனால் வெளிநாட்டு வளர்ப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டியில் எடுத்த இதன் படங்கள் இணையத்தில் கிடைக்கும். முன்னங்காலின் அடியில் இருக்கும் மஞ்சள் பட்டையை நான் முதலில் பார்த்ததே அப்படி ஒரு படத்தில்தான், நம்ம ஊர்ச் சிலந்தியை! 2019ல் இந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டதால் சர்வதேச விற்பனைக்கு அனுமதி வேண்டும். கடித்தால் தசைகள் கடுமையாக இழுத்துப் பிடிக்கும். தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைத்துவிடுங்கள். ஃபோனில் இருப்பிடப் பதிவையும் அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பும் படத்திலேயே மரத்தின் விலாசம் போய்விடும்.