பதில்: மியூனிக்கில் இருவருக்கும் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம்

வணக்கம். அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டே மாதம், வீட்டில் டிவியே இல்லை, ஆனாலும் கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்திருக்கிறது, மோசடியா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மோசடியாகத் தெரியவில்லை. அது ஜெர்மனியில் பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வசூலிக்கும் கட்டணம், பெயர் ருண்ட்ஃபுங்க்பைட்ராக். 2013 முதல் டிவிக்கு அல்ல, வீட்டுக்குத்தான் கட்டணம், மாதம் 18.36 யூரோ. நகராட்சியில் முகவரியைப் பதிந்தீர்கள் அல்லவா, அங்கிருந்துதான் உங்கள் பெயர்கள் போயிருக்கும்.

ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். ஒருவர் பெயரில் கணக்கைத் தொடங்கி, அந்தக் கணக்குக்குத் தரும் கட்டண எண்ணை மற்றவருக்கு வந்த கடிதத்துக்கான பதிலில் குறிப்பிட்டு அனுப்புங்கள். இணையத்திலேயே செய்யலாம். குடிவந்த மாதத்திலிருந்து கணக்கிடுவார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோ கேட்டால் பதற வேண்டாம்.

கடிதத்தை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் விளம்பரம் என்று நினைத்துப் போட்டேன். தாமதக் கட்டணமாக 8 யூரோ கூடுதலாக அழுதேன். இந்த ஊரில் மஞ்சள் நிற உறையில் ஏதாவது வந்தால் இன்னும் கவனம், அது அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி அனுப்பும் கடிதம். அதன்மேல் எழுதியிருக்கும் தேதியிலிருந்தே பதில் தருவதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடும், உறையையும் பத்திரமாக வையுங்கள்.