டார்க் டை அடிச்ச முடிய திரும்ப பிளாண்ட் (பொன்னிறம்) ஆக்குறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

இயற்கையாவே பிளாண்ட் முடி உள்ளவங்க வீட்டுல டார்க் பிரவுன் பெர்மனன்ட் டை அடிச்சுட்டு, பிடிக்கலன்னு ரெண்டு மாசம் கழிச்சு மேலயே பிளாண்ட் டை அடிப்பாங்க, புதுசா வளந்த வேர் மட்டும் வெளுக்கும், கீழ அப்படியே கருப்பா நிக்கும்.

பெர்மனன்ட் டைன்னா முடிமேல பூசுற பெயின்ட் இல்லைங்க. அமோனியா முடியோட மேல்தோல கொஞ்சம் திறந்துவிடும், நிறமில்லாத குட்டித் துகளுங்க உள்ள போகும், அங்க டையோட கலக்குற பெராக்சைடு பட்டு ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி நிறமா மாறி மாட்டிக்கும். காஞ்ச கொண்டைக்கடலைய சின்ன வாய் பாட்டில்ல போட்டு ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைல ஊறினது வெளிய வருமா, அதே கதைதான்.

கலர் ரிமூவர் அந்தக் கடலைய மறுபடி சுருக்குது, அதனால அப்புறம் ரொம்ப நேரம் அலசணும், சோம்பேறித்தனமா ரெண்டு சொம்பு ஊத்திட்டு விட்டா காத்து பட்டு திரும்ப கருத்துடும் (நிறைய பேர் சொதப்புறது இங்கதான்). பிளீச் நிறத்தையே உடைக்கும், ஆனா சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு படிப்படியாதான் வெளுக்கும், ஒரே நாள்ல முடிக்கணும்னு அடம்பிடிச்சா ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துடும்.

பர்பிள் ஷாம்பு போட்டா டை போயிடும்னு நினைக்காதீங்க, அது வெளுத்த முடியில இருக்குற மஞ்சள அமுக்கும், அவ்வளவுதான்.