ட்ரோன் வாங்கிக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்க அக்கா

அக்கா, மகன் ஏ/எல் முடிச்சிட்டு ட்ரோன் கமரா வேலைக்குத்தான் போவன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறார், வளையலை அடகு வைச்சாவது ஒண்டு வாங்கிக் குடுக்கவா எண்டு கேட்டிருந்தீங்க. வளையல் கையிலயே இருக்கட்டும். கொழும்பில "ட்ரோன் ஓட்ட மட்டும் ஆள் வேணும்" எண்டு எடுக்கிற இடம் மிச்சம் குறைவு. எடுக்கிறது வெடிங் ஸ்டூடியோக்கள், விளம்பரம் செய்யிற கம்பனிகள், இடைக்கிட காணி வீடு விக்கிறவை, ஹோட்டல்காரர். அவங்களுக்குத் தேவை கமரா பிடிக்கவும் எடிட் பண்ணவும் லைட் ஸ்டாண்ட் தூக்கவும் தெரிஞ்ச, அதோட ட்ரோனும் ஓட்டக்கூடிய ஒரு பொடியன்.

வெள்ளவத்தையில ஒரு கலியாண வீட்டை யோசிச்சுப் பாருங்க. விடியப்பறம் பொம்பிளை மேக்கப்பில இருந்து பின்னேரம் ரிசெப்ஷன் முடியுமட்டும் கமராக்காரர் நிப்பாங்க, அதில ட்ரோன் மேல போறது கொஞ்ச நேரம். ஒரு பற்றரி அரை மணித்தியாலம் நிக்கும் எண்டு பெட்டியில போட்டிருக்கும், கடல்காத்தில அதுவும் நிக்காது. மிச்ச நேரமெல்லாம் தம்பி என்ன செய்யப் போறார்? தாலி கட்டுற நேரம் ஹோலுக்குள்ள எந்தப் பக்கம் நிக்கிறது, ஐயரையும் மறைக்காம பெரியாக்களிட்டப் பேச்சும் வாங்காம எப்பிடி எடுக்கிறது எண்டு தெரிஞ்சவரைத்தான் அடுத்த கலியாணத்துக்கும் கூப்பிடுவாங்க.

அதால முதல் வேலை எண்டு தேடுறது அசிஸ்டன்ட் வேலை. பற்றரி சார்ஜ் போடுறது, கார்ட் கொப்பி பண்ணுறது, ட்ரோன் பறக்கேக்க பக்கத்தில நிண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு "வயர் இருக்கு, காகம் வருது" எண்டு சொல்றது. கேக்க எளிய வேலை மாதிரி இருக்கும், ஆனா ஓட்டுறவர் ஸ்க்ரீனைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க அவருக்குக் கண் இந்தப் பொடியன்தான். கொழும்பில காகமும் பருந்தும் ட்ரோனைக் கண்டா சும்மா விடாது, காலிமுகத்திடல்ல அதோட பட்டம் விடுற நூலும் இருக்கு. பெரிய விளம்பர ஷூட்டில டிஜேஐ கம்பனியின்ட இன்ஸ்பயர் மாதிரிப் பெரிய ட்ரோன் வந்தா ஒருத்தர் பறக்க விட, இன்னொருத்தர் தனி ரிமோட்டில கமராவை மட்டும் திருப்புவார். மகன் ஆசைப்படுற வேலை உண்மையில அந்த ரெண்டாவது ஆளின்ட வேலை. அங்க போய்ச் சேர ஷொட் பிடிக்கிற கண் வேணும், விரல் வேகம் மட்டும் காணாது.

இப்ப சட்டம். இதைத் தம்பிக்கு வாசிச்சே காட்டுங்க. யூடியூப்பில "249 கிராம் மினி ட்ரோன் எடுத்தா பதிவு தேவையில்ல" எண்டு சொல்லுவாங்க, அது அமெரிக்காவில பொழுதுபோக்குக்குப் பறக்கிறவைக்குச் சரி, அங்கயும் காசுக்கு வேலை செய்தா சரிவராது. இலங்கையில கணக்கு 200 கிராம். அதுக்கு மேல எண்டா சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில பதியவேணும், அப்ப அந்த மினியும் பதியவேண்டிய சாமான்தான். லண்டன்ல இருக்கிற மாமா வரேக்க கொண்டு வருவார் எண்டு ஒரு பிளான் இருந்தா இப்பவே நிப்பாட்டுங்க, பாதுகாப்பு அமைச்சு அனுமதியும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதியும் முதல்லயே எடுக்காட்டி கட்டுநாயக்கவில கஸ்டம்ஸில மாட்டும். பதிஞ்சிட்டா எல்லா இடமும் பறக்கலாம் எண்டும் இல்ல. இரத்மலானை எயார்போர்ட் எங்களுக்குக் கிட்ட, கோட்டைப் பக்கம் ஜனாதிபதி மாளிகை, துறைமுகம், அங்கால பாராளுமன்றம், நினைச்ச மாதிரி ஏத்தினா பொலிஸ்தான் வரும்.

உண்மையைச் சொன்னா, இந்தப் பேப்பர் வேலைதான் தம்பிக்கு நல்ல சான்ஸ். ஓட்டத் தெரிஞ்ச பொடியள் கனபேர், அனுமதிக்கு யாரிட்ட எழுதுறது, என்ன போர்ம், எத்தினை நாளுக்கு முதல் குடுக்கவேணும் எண்டு கேட்டு அறிஞ்சு வைச்சிருக்கிறவை குறைவு. இந்தத் தலையிடியைத் தான் எடுக்கிறன் எண்டு சொல்ற அசிஸ்டன்டை ஸ்டூடியோக்காரர் லேசில விடமாட்டினம். சிங்களத்தில கதைச்சு அலுவல் முடிக்கத் தெரிஞ்சா இன்னும் நல்லம்.

ஓட்டிப் பழகிறதுக்கு முதல்ல கொம்பியூட்டர்ல சிமுலேட்டர், அதாவது கேம் மாதிரி ட்ரோன் ஓட்டிப் பழகிறது, போதும். கமராவை, கையில இருக்கிற போனில பழகலாம், மெனுவல் மோட்ல, எல்லாத்தையும் தானே செற் பண்ணி. செக்கனுக்கு 25 ஃப்ரேம்ல எடுக்கேக்க ஷட்டர், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விழுற நேரம், 1/50 செக்கன் வைக்கிறது வழமை, எங்கட மத்தியான வெயிலுக்கு ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு) 100, எஃப் (லென்ஸ் ஓட்டையின்ட அளவு) 2.8ல அப்பிடி வைச்சா படம் வெள்ளையா எரிஞ்சு போகும், அதுக்குத்தான் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால என்டி 64 மாதிரி கறுப்புக் கண்ணாடி போடுறது. இன்டர்வியூல இதை விளங்கிச் சொன்னா, ட்ரோன் இல்லாட்டியும் பொடியனுக்கு விசயம் தெரியும் எண்டு கேக்கிறவருக்கு விளங்கும். பிறகு ட்ரோன் வச்சிருக்கிற ஒருத்தரோட சேர்ந்து அவரின்ட சாமான்ல பழகட்டும். ஒரு வருசம் உழைச்சு தன்ர காசில வாங்கட்டும், அப்ப விழுத்தாம ஓட்டுவார்.

முழுக்க ட்ரோனையே நம்ப வேண்டாம் எண்டுறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இங்க ட்ரோன் பறக்கத் தடை போட்டாங்க. டுபாய்க்குப் போனா நிறையக் காசு எண்டு மகன் சொல்லுவார், 2022 ஜனவரியில அபுதாபித் தாக்குதலுக்குப் பிறகு அங்கயும் தனியார் ட்ரோன்களை நிப்பாட்டினாங்க. ஒரு அறிவித்தலோட வேலை நிண்டுபோற தொழில் இது, அண்டைக்கு எடிட்டிங் தெரிஞ்சவர் வீட்டில இருந்தெண்டாலும் உழைப்பார்.

உங்களுக்கு "நிரந்தர வேலை" எண்ட கவலை இருக்கிறது தெரியுது. கணக்கில தம்பி கெட்டிக்காரர் எண்டா நில அளவைப் பக்கமும் ஒருக்கா பாருங்க. ட்ரோனால மேல இருந்து, ஒரு படத்துக்கு மேல அடுத்த படம் கொஞ்சம் விழுற மாதிரி வரிசையா எடுத்து மப் (வரைபடம்) செய்யிற வேலை அது, சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில அதுக்கெண்டு பீடமே இருக்கு, தியத்தலாவையில நில அளவை நிறுவனம் இருக்கு. கலியாண வீடு மாதிரிக் கலகலப்பு இருக்காது, கொளுத்துற வெயில்ல காணி காணியா நடக்கவேணும். விருப்பமில்லாட்டி தள்ளாதீங்க.

கோர்ஸ் எண்டு சொல்லி சேட்டிபிகேட் தருவம் எண்டுற இடங்களுக்குக் காசு கட்ட முதல் மூண்டு விசயம் கேளுங்க: ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் உண்மையிலயே பறக்கத் தருவினம், ட்ரோன் விழுந்தா ஆர் காசு கட்டுறது, போன முறை படிச்ச ரெண்டு பேரோட கதைக்க விடுவினமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினா வெளிக்கிட்டு வாங்க.

இப்போதைக்கு தம்பியை போனிலயே ஒரு நிமிச வீடியோ ஒண்டு எடுத்து எடிட் பண்ணச் சொல்லுங்க, பம்பலப்பிட்டி ஸ்டேசன்ல பின்னேர ட்ரெயின் வாறது எண்டாலும் சரி, பாட்டுப் போடாம அங்க கேக்கிற சத்தத்தோடயே. அதையும் போக நினைக்கிற நாலைஞ்சு ஸ்டூடியோவின்ட பேரையும் எடுத்துக்கொண்டு அவரே என்னட்ட வரட்டும், நீங்க வரவேணும் எண்டில்ல.