பேஸ்மேக்கர் இருந்தும் நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 68. அடிக்கடி மயக்கம் வந்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு 60-க்குக் கீழே போகாது என்றார்கள். ஆனால் சில நாள் மணிக்கட்டில் எண்ணிப் பார்த்தால் 45 தான் வருகிறது. படபடப்பும் உண்டு. போன பரிசோதனையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். கருவி கெட்டுவிட்டதா? அது இருக்கும்போது மாத்திரை எதற்கு?

பதில்: போன பரிசோதனையில் பேட்டரியும் ஒயர்களும் சரியாக இருந்தன என்றால், கருவி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பேஸ்மேக்கர் செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். துடித்தால் சும்மா இருக்கும். 60 என்று அமைத்திருந்தால், ஒரு விநாடிக்கு மேல் துடிப்பு வரவில்லை என்றதும் சிறு மின்தூண்டல் கொடுக்கும். துடிப்பு மெதுவாகிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். வேகமாகவோ ஒழுங்கில்லாமலோ துடிப்பதைச் சரிசெய்வது அதன் வேலை அல்ல.

சரி, 45 எப்படி வருகிறது? சில துடிப்புகள் முன்கூட்டியே வந்துவிடும். அப்போது இதயத்தில் ரத்தம் போதுமான அளவு நிரம்பியிருக்காது. அந்தத் துடிப்பின் அலை மணிக்கட்டு வரை எட்டாததால் விரலுக்குத் தெரியாது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் வீட்டு பி.பி. மெஷினும்கூட இப்படிக் குறைவாகக் காட்டலாம். உண்மையான எண்ணிக்கையை ஈ.சி.ஜி. காட்டிவிடும். ஆனால் எண்ணிக்கை குறைவதோடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒயர் விலகியிருக்கவும் கூடும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை. நிமிடத்துக்கு 350-க்கும் மேல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற பகுதி ஒன்று உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பேஸ்மேக்கர் கீழறைகளை ஒழுங்காகத் துடிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே மேலறைகள் நடுங்கிக்கொண்டிருக்கலாம். நாடி சீராக இருக்கும், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். அதனால் 'இப்போது படபடப்பு இல்லையே' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கருவி இதைப் பதிவு செய்து காட்டிக்கொடுத்ததே பெரிய உதவி.

ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. உங்கள் மாத்திரை வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் போன்றவற்றுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் வேளை தவறினால் பாதுகாப்பு சீக்கிரமே போய்விடும். சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். ஸ்கேனுக்குப் போனால் கருவியின் அட்டையைக் காட்டுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்ற கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பேட்டரி திடீரென்று நின்றுவிடாது, பல வாரங்களுக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும். 1958-இல் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட ஆர்னே லார்சனின் முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார் அவர்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது — இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கருவி வைத்த இடம் சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ அன்றே காட்டுங்கள். அடுத்த பரிசோதனையில் உங்கள் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: மேலறை நடுக்கம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நீடித்தது? அந்த நேரத்தில் கீழறை எவ்வளவு வேகமாக ஓடியது? வேகம் அதிகம் என்றால் அதைக் குறைக்கத் தனி மாத்திரை இருக்கிறது. பேஸ்மேக்கர் துணைக்கு இருப்பதால், துடிப்பு மிகவும் இறங்கிவிடுமோ என்ற பயமில்லாமல் அதைக் கொடுக்க முடியும்.